ஊரை வரையலாம், வர்றீங்களா?



இந்த வாரம் வந்த கடிதங்களில் ஒன்றைப் படிச்சதும் டீ ஆறிப்போச்சு. கடலூர் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. சிவில் இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். 'பேரைப் போட்டுடாதீங்கண்ணா, எங்கப்பா இந்தப் பக்கத்தை ஒரு வரி விடாம படிப்பார்' என்று கடைசியில் ஒரு குறிப்பு வேற! போடலை தாயே, தைரியமா இரு.

கடிதத்தின் சுருக்கம் இதுதான்:

'அண்ணா, மழையில எங்க தெரு மூணு நாள் முட்டிக்கால் தண்ணியில நின்னுச்சு. பாட்டியைக் கட்டிலோட தூக்கி பக்கத்து மாடி வீட்டுல வெச்சோம். எல்லாரும் ரோடு போட்ட கான்ட்ராக்டரைத்தான் திட்டினாங்க. எங்க தாத்தா மட்டும், "இங்க வாய்க்கா ஓடுச்சும்மா, அது மேலதான் நாம வீடு கட்டியிருக்கோம்"னார். அப்போ இங்க மனை போடலாம்னு முடிவு பண்ணினது யாரு? அந்த முடிவை ஒழுங்கா எடுக்கறதுக்குன்னு ஒரு படிப்பு இருக்கா? வீட்டுல ஐ.டி. கம்பெனிக்குப் போன்னு சொல்றாங்க. எனக்கு இந்தக் கேள்விதான் மண்டையைக் குடையுது.'

தங்கச்சி, படிப்பு இருக்கு. வேலையும் இருக்கு. ஆள்தான் இல்லை. நம்ம கேம்பஸ் இன்டர்வியூ பட்டியலில் பெரும்பாலும் வராத அந்த வேலைக்குப் பேர் டவுன் பிளானர். தமிழில் நகரமைப்பு வல்லுநர்.

'பிளானர்னா, வீட்டுக்கு பிளான் போடறவர்தானே?'

இல்லை பாஸ். உங்க வீட்டுக்குள்ளே கிச்சன் எந்தப் பக்கம்னு சொல்றவர் ஆர்க்கிடெக்ட். வீடு இடியாம நிக்கணும்னு கணக்குப் போடறவர் சிவில் இன்ஜினீயர். உங்க வீடு அந்த இடத்தில் இருக்கலாமா, அதுக்கு எதிரே கெமிக்கல் ஃபேக்டரி வரலாமா, தெரு எத்தனை அடி, மழைத் தண்ணி எந்த வழியா ஏரிக்குப் போகும், ஸ்கூலும் பஸ் ஸ்டாப்பும் நடந்து போற தூரத்தில் இருக்கா... இதையெல்லாம் யோசிச்சு வரைபடத்தில் கோடு போடறவர்தான் பிளானர். அந்த வரைபடத்துக்குப் பேர் மாஸ்டர் பிளான், முழுமைத் திட்டம். இருபது வருஷம் கழிச்சு ஊர் எப்படி இருக்கணும்னு இன்னிக்கே எழுதி வைக்கிற உயில் மாதிரி. உயில்னா சண்டை வராம இருக்குமா? வரும். அதையும் சமாளிக்கத் தெரிஞ்சவர்தான் நல்ல பிளானர்.

எம்டன் முழுகடித்த கப்பல்

ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக். கில்லாடியான ஆளைப் பார்த்து 'சரியான எம்டன்டா இவன்' என்று நம்ம ஊர்ப் பெரியவர்கள் சொல்வாங்களே, கேட்டிருக்கீங்களா? 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைத் துறைமுகத்தில் குண்டு வீசிவிட்டு ஓடிய ஜெர்மன் போர்க்கப்பல்தான் அந்த எம்டன். அடுத்த மாதமே அது இன்னொரு காரியம் செய்தது. இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த ஒரு சரக்குக் கப்பலைக் கடலில் முழுகடித்தது. அந்தக் கப்பலில் ஒரு கண்காட்சி முழுசும் இருந்தது. உலக நகரங்களின் வரைபடங்கள், படங்கள், மாடல்கள். பேட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பல வருஷம் சேர்த்தது. அப்போதைய சென்னை கவர்னர் பென்ட்லண்ட் அழைப்பில் அதை இங்கே காட்ட வந்துகொண்டிருந்தார்.

மனுஷன் வேற கப்பலில் வந்ததால் பிழைச்சார். 'எல்லாம் போச்சு'ன்னு திரும்பிப் போகலை. நண்பர்களிடம் சொல்லி மறுபடி படங்களைச் சேர்த்து, 1915-ல் சென்னையில் கண்காட்சியை நடத்திக் காட்டினார். அதோட நிற்காமல் தஞ்சாவூர், மதுரை என்று சென்னை மாகாணத்து ஊர்களில் தெருத் தெருவாக நடந்தார். அந்தக் காலத்து அதிகாரிகளின் வழி, நெரிசலான தெரு என்றால் இடித்துத் தள்ளி அகல ரோடு போடுவது. கெடிஸ் 'முதலில் நோயைக் கண்டுபிடி, அப்புறம் மருந்து கொடு' என்றார். இடிஞ்சுபோன ஒன்றிரண்டு வீடுகளை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மரம் வைத்து, தெருவுக்கு மூச்சு விட இடம் கொடுத்தால் போதும், ஜனங்களைத் துரத்த வேண்டாம் என்பது அவர் கட்சி.

இதில் நமக்கு என்ன விஷயம்? கெடிஸ் இன்ஜினீயரும் இல்லை, ஆர்க்கிடெக்டும் இல்லை. அடிப்படையில் ஒரு உயிரியல்காரர்! 'நான் சிவில் இல்லையே, எனக்கு இதில் இடம் உண்டா?' என்று கேட்கிற ஜியாகரபி, எகனாமிக்ஸ், சோஷியாலஜி பார்ட்டிகள் இந்த வரியை அண்டர்லைன் பண்ணிக்கோங்க.

ஆள் தேவையா? ரொம்பவே!

நிதி ஆயோக் 2021 செப்டம்பரில் நகரத் திட்டமிடல் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. படிச்சா தலை சுத்தும். நாட்டின் 7,933 நகர்ப்புறக் குடியிருப்புகளில் சுமார் 65 சதவீதத்துக்கு மாஸ்டர் பிளானே கிடையாது. மாநில நகரமைப்புத் துறைகளுக்கு 12,000-க்கும் மேல் பிளானர்கள் தேவை. அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் 4,000-கூட இல்லை. அதிலும் பாதிக்குக் கொஞ்சம் குறைவான இடங்கள் காலி. இந்தப் பணியிடங்களுக்குப் பிளானிங் படிப்பே கட்டாயத் தகுதியாக இல்லாத மாநிலங்கள் பல என்பதையும் அந்த அறிக்கை சுட்டிக்காட்டியது.

நம்ம ஊரைப் பாருங்க. 2011 கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் 48.4 சதவீதம் பேர் நகரவாசிகள். 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதியை 2022-ல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கினார்கள். கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு! அத்தனை வயலுக்கும் ஏரிக்கும் கிராமத்துக்கும் யாரோ ஒருத்தர் கோடு போட்டாகணும். கோடு தப்பாப் போனா என்ன ஆகும்னு 2015 டிசம்பரில் சென்னையில் படகில் போனவர்களைக் கேளுங்க. கடிதம் எழுதின தங்கச்சியின் பாட்டியையும் கேட்கலாம்.

எந்த வாசல் உங்களுக்கு?

வாசல் 1: ப்ளஸ் டூ முடிச்சவங்களுக்கு. பி.பிளான். நாலு வருஷப் படிப்பு. டெல்லி, போபால், விஜயவாடா ஆகிய மூன்று ஊர்களில் இருக்கிற மத்திய அரசின் எஸ்.பி.ஏ. கல்லூரிகள் இதில் பெரிய பெயர். நுழைவுத் தேர்வு ஜே.இ.இ. மெயின், தாள் 2பி. கணக்கு, ஆப்டிட்யூட், பிளானிங் சார்ந்த கேள்விகள் வரும். ப்ளஸ் டூவில் கணக்குப் பாடம் அவசியம். 'எனக்குப் படம் வரைய வராதே' என்று பயப்படாதீங்க. வரைகிற தேர்வு ஆர்க்கிடெக்சர் போகிறவர்களுக்கான தாளில்தான். தம்பி, தங்கச்சி ப்ளஸ் டூவில் இருந்தா இந்தப் பத்தியைக் கிழிச்சு அவங்க டேபிளில் ஒட்டிடுங்க.

வாசல் 2: டிகிரி படிக்கிறவங்களுக்கு, அதாவது உங்களுக்கு! எம்.பிளான். ரெண்டு வருஷம். பி.பிளான், பி.ஆர்க்., பி.இ. சிவில் முடிச்சவங்க சேரலாம். ஜியாகரபி, எகனாமிக்ஸ், சோஷியாலஜி போன்ற பாடங்களில் முதுகலை முடிச்சவங்களையும் பல கல்லூரிகள் எடுத்துக்கொள்கின்றன. தகுதி கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அதனால் ப்ராஸ்பெக்டஸை முதல் பக்கத்திலிருந்து படிங்க.

சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் கல்லூரியிலேயே எம்.பிளான் உண்டு. இதுக்கு முன்பு டான்செட் எழுதணும். 2023-லிருந்து சீட்டா பி.ஜி. என்ற தேர்வு. எஸ்.பி.ஏ.க்கள், கரக்பூர், ரூர்க்கி ஐ.ஐ.டி.க்கள், கோழிக்கோடு என்.ஐ.டி. மாதிரி இடங்களுக்கு கேட் தேர்வு. அதில் 'ஆர்க்கிடெக்சர் அண்ட் பிளானிங்' என்று தனித் தாளே இருக்கு. பொதுப் பகுதிக்குப் பிறகு, ஆர்க்கிடெக்சரா பிளானிங்கா என்று நீங்களே ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து எழுதலாம். மூன்றாம் வருஷத்திலேயே கேட் எழுதலாம், மதிப்பெண் மூணு வருஷம் செல்லும். ஆமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகமும் இந்தத் துறையில் பழுத்த பழம். அங்கே 1972-லிருந்தே பிளானிங் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

எம்.பிளானிலும் பிரிவுகள் உண்டு. டெல்லி எஸ்.பி.ஏ.யில் மட்டுமே நகரம், வட்டாரம், போக்குவரத்து, வீட்டுவசதி, சுற்றுச்சூழல் என்று தனித்தனி. பஸ் ரூட் நம்பர் எல்லாம் மனப்பாடமா ஒப்பிக்கிற ஆள் உங்க கேங்கில் இருந்தா, போக்குவரத்துப் பிளானிங்குக்குத் தள்ளி விடுங்க. பிழைச்சுக்குவான்.

வாசல் 3: வேலையில் இருந்துகொண்டே. ஐ.டி.பி.ஐ. என்றால் பேங்க் ஞாபகம் வரும். இது 'டி' தள்ளி 'ஐ.டி.பி.ஐ.' இல்லை, ஐ.டி.பி.ஐ.க்கு எழுத்து மாற்றிப் படிங்க: இன்ஸ்டிடியூட் ஆஃப் டவுன் பிளானர்ஸ், இந்தியா. 1951-ல் தொடங்கிய தொழில்முறை அமைப்பு. இவர்கள் அசோசியேட் தேர்வு நடத்துகிறார்கள். ஆர்க்கிடெக்ட்களுக்கு 1972 சட்டப்படி கவுன்சில் இருக்கு. பிளானர்களுக்கு அப்படி ஒரு தேசியச் சட்டம் கிடையாது. அதனால் இந்த அமைப்பின் உறுப்பினர் என்ற தகுதிக்கு வேலைக்கான விளம்பரங்களில் தனி மரியாதை.

சர்டிஃபிகேட்டுக்கு வெளியே

டிகிரி மட்டும் போதுமா? போதாது. இப்பவே, காலேஜில் இருக்கும்போதே செய்யக்கூடிய பயிற்சிகள் சில.

மேப் போடக் கத்துக்கோங்க: க்யூ.ஜி.ஐ.எஸ். இலவச மென்பொருள். உங்க ஊர் ஏரி பத்து வருஷத்தில் எவ்வளவு சுருங்கியிருக்குன்னு ஒரு வாரக் கடைசியில் கண்டுபிடிச்சுடலாம். டேராடூனில் இருக்கிற, இஸ்ரோவின் ஐ.ஐ.ஆர்.எஸ். நிறுவனம் தொலையுணர்வு, ஜி.ஐ.எஸ். பாடங்களை 2007-லிருந்து தொலைவழியில் சொல்லிக்கொடுத்து வருகிறது. என்.பி.டெல்லில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் நகரத் திட்டமிடல் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கும். பரீட்சை எழுதி சர்டிஃபிகேட் வேணும்னா மட்டும் கட்டணம்.

இன்டெர்ன்ஷிப்: மத்திய நகர்ப்புற அமைச்சகமும் ஏ.ஐ.சி.டி.இ.யும் 2020 ஜூனில் 'டியூலிப்' என்ற திட்டத்தைத் தொடங்கின. பட்டம் முடிச்சு 18 மாதத்துக்குள் இருப்பவர்கள் நகராட்சிகளிலும் ஸ்மார்ட் சிட்டி நிறுவனங்களிலும் பயிற்சி பெறுவதற்கானது. பெங்களூரின் ஐ.ஐ.எச்.எஸ். 2016-ல் 'அர்பன் ஃபெல்லோஸ்' பயிற்சியைத் தொடங்கியபோது, எந்தப் பட்டம் முடிச்சவங்களும் வரலாம் என்று கதவைத் திறந்து வைத்தது. இந்த மாதிரித் திட்டங்களின் விதிகள் வருஷா வருஷம் மாறும். அப்ளை பண்றதுக்கு முன்னாடி இந்த வருஷ அறிவிப்பைப் பார்த்துடுங்க. எதுவும் கிடைக்கலையா? உங்க ஊர் நகராட்சி அலுவலகத்தின் நகரமைப்புப் பிரிவுக்கு ஒரு லெட்டரோடு போய் நில்லுங்க. ரெண்டு மாசம் சும்மாவே வேலை பார்க்கிறேன்னு சொன்னா, எங்கேயாவது ஒரு நாற்காலி கிடைக்கும்.

கோட்டுக்கு இந்தப் பக்கம் மனுஷங்க

இப்ப கொஞ்சம் சீரியஸா ஒரு விஷயம். 2000-ம் வருஷவாக்கில் சென்னையின் ஆற்றங்கரைகளிலும் நகரின் நடுப்பகுதிகளிலும் இருந்த குடிசைக் குடும்பங்களை பழைய மாமல்லபுரம் சாலை ஓரம் கண்ணகி நகருக்கு மாற்ற ஆரம்பித்தார்கள். பேப்பரில் பார்த்தால் நல்ல திட்டம். குடிசைக்குப் பதில் கான்கிரீட் வீடு. ஆனால் அந்த அக்காக்கள் வீட்டு வேலை பார்த்த மயிலாப்பூரும், அண்ணன்கள் மூட்டை தூக்கிய மார்க்கெட்டும், பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடமும் பழைய இடத்திலேயே இருந்துவிட்டன. வீடு கிடைச்சுது. வேலைக்குப் போக ரெண்டு பஸ் மாறணும். வரைபடத்தில் அது ஒரு அங்குலம்தான் பாஸ்!

இதனால்தான் கம்யூனிட்டி பிளானிங் என்று தனியாக ஒரு பயிற்சி வேணும் என்கிறார்கள். அந்தப் பயிற்சியின் சிலபஸ் ரொம்ப எளிது, பாஸ் பண்றதுதான் கஷ்டம். ஜனங்களோட உட்காரணும். வாயை மூடிக்கிட்டுக் கேட்கணும். அவங்க கையில் சாக்பீஸைக் கொடுத்து தெருவைத் தரையில் வரையச் சொல்லணும்.

1985-ல் மும்பையில் நடந்தது இதுக்கு நல்ல உதாரணம். நடைபாதையில் குடியிருப்பவர்களை அப்புறப்படுத்தும் பேச்சு பலமாக இருந்த நேரம். 'அவங்க யாரு, எங்கிருந்து வந்தாங்க, என்ன வேலை செய்றாங்க?' என்று யாரிடமும் கணக்கு இல்லை. ஸ்பார்க் என்ற அமைப்பு நடைபாதைவாசிகளோடு சேர்ந்து அந்தக் கணக்கை எடுத்தது. 'கண்ணுக்குத் தெரியாத நாங்கள்' என்ற பொருளில் அந்த அறிக்கைக்குப் பெயர் வைத்தார்கள். கணக்கில் வந்த பிறகுதானே மனுஷனோட பேச்சுவார்த்தை நடத்த முடியும்?

நம்ம ஊரில் கிராமசபை தெரியும். நகரங்களிலும் அதே மாதிரி 'ஏரியா சபை'க் கூட்டங்கள் 2022 நவம்பர் 1 அன்று தொடங்கின. உங்க வார்டில் அடுத்து எப்போன்னு கேட்டு, போய்ப் பின்வரிசையில் உட்காருங்க. எந்த க்ளாஸ்ரூமிலும் கிடைக்காத பாடம், ஃபீஸே இல்லாமல்!

சரி, சம்பளம்?

கேட்பீங்கன்னு தெரியும். ஒளிக்காமல் சொல்றேன். அரசு வேலை என்றால் நகர் ஊரமைப்பு இயக்ககம், சி.எம்.டி.ஏ., மாநகராட்சிகளின் நகரமைப்புப் பிரிவு. நகர் ஊரமைப்புத் துறை உதவி இயக்குநர் பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு வைத்து எடுக்கிறது. ஆனால் வருஷா வருஷம் அறிவிப்பு வரும்னு காலண்டரில் குறிச்சு வைக்க முடியாது. பொறுமை வேணும். தனியாரில் கன்சல்டன்சி நிறுவனங்கள், மெட்ரோ மாதிரியான போக்குவரத்துத் திட்டங்கள், ரியல் எஸ்டேட், ஆராய்ச்சி நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள். ஆரம்பச் சம்பளத்தை ஐ.டி. ஃப்ரெண்டோட ஒப்பிட்டா முதல் ரெண்டு வருஷம் வயிறு எரியும். அனுபவம் சேரச் சேரத்தான் மதிப்பு ஏறும்.

இன்னொண்ணு. நீங்க நேர்மையா போட்ட கோட்டை வேற யாராவது வளைக்கச் சொல்லுவாங்க. அப்போ உங்க மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் கையில் பணம் இருக்கும். அந்தக் கோட்டால் நனையப் போகிற பாட்டி அங்கே இருக்கமாட்டாங்க. அந்த நிமிஷத்துக்கும் சேர்த்துத்தான் பயிற்சி தேவை. அதுக்கு எந்தக் காலேஜிலும் லேப் கிடையாது.

இந்த வார ஹோம்வொர்க்

உங்க காலேஜ் கேட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் நடங்க. செல்போன் பாக்கெட்டில். கையில் பேப்பர், பேனா. அஞ்சே விஷயம் குறிச்சுக்கோங்க: நடைபாதை எங்கே முடியுது? நிழல் எங்கே இருக்கு? ஒரு தாத்தாவால் ரோட்டைத் தாண்ட முடியுதா? தண்ணி எந்தப் பக்கம் சரியுது? ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பொண்ணு தனியா நடக்கிற மாதிரி வெளிச்சம் இருக்கா? திரும்பி வந்து வரைஞ்சு பாருங்க. போர் அடிச்சா, இந்த வேலை உங்களுக்கு வேண்டாம். 'இந்த பஸ் ஸ்டாப்பை இருபது அடி தள்ளி வெச்சிருக்கலாமே' என்று தூங்கப் போகும்போது தோணிச்சுன்னா, சிக்கிட்டீங்க!

கடைசியா, கடலூர் தங்கச்சிக்கு.

மூன்றாம் வருஷத்தில் இருக்கே. கேட் இந்தத் தடவையே எழுதிப் பாரு. சிவிலை ஒழுங்கா முடி, அது உனக்குக் கையில் இருக்கிற பலம். அப்பாகிட்ட சண்டை போடாதே. இந்தப் பக்கத்தை அவர் படிப்பார்னு நீயே சொல்லியிருக்கே, மீதியை நான் பார்த்துக்கறேன்: ஐயா, உங்க பொண்ணு நல்ல கேள்வி கேட்டிருக்கு. ரெண்டு வருஷம் டைம் கொடுங்க.

அதுக்கு முன்னாடி ஒரு அவசர வேலை. தாத்தாவைக் கூட்டிக்கிட்டு நாளைக்கே தெருவில் நட. வாய்க்கால் எங்கே ஆரம்பிச்சு எங்கே போச்சுன்னு அவர் கைகாட்டுற இடத்தையெல்லாம் ஒரு பேப்பரில் குறி. பழைய மதகு, நின்ன மரம், வளைஞ்ச இடம், எல்லாம். நகலை நகராட்சியில் கொடுத்து ரசீது வாங்கு. அந்த வாய்க்கால் இன்னிக்கு அவர் ஞாபகத்தில் மட்டும்தான் ஓடிக்கிட்டிருக்கு. அவருக்கு வயசாகுதும்மா.

அதுதான் உன் முதல் மாஸ்டர் பிளான். முடிச்சதும் ஒரு காப்பி எனக்கும் அனுப்பு.

அடுத்த வாரம் பார்க்கலாம் ஃப்ரெண்ட்ஸ். நடந்து வாங்க!